படங்கு கட்டிய மனோரஞ்சிதம்

— தொடாதடி! கடைக்கார வீட்டுப் பொண்ணு தொட்டா தோட்டத்து லயத்துக்காரி ஒடஞ்ச காலு கூடிக்குமாக்கும்!

— அம்மா, மெதுவாப் பேசும்மா. பக்கத்துக் கட்டில்ல ஆளு முழிச்சிருக்கு.

— ஆருக்கு ஆருடி அம்மா? காலையில லொறியில இருந்து என்னைய எறக்கறப்ப நீ வாசல்லதானே நின்ன? "ஏய் பொம்பள, பேரென்ன"ன்னு கேட்டியே, அப்ப எங்க போச்சு இந்த அம்மா?

— பெரிய நர்ஸ் மிஸ்ஸி பக்கத்துலயே நின்னாங்க. நான் என்ன செய்ய?

— வேலாயின்னு சொன்னேன். காது கேக்காத மாதிரி இன்னொரு தரம் கேட்ட. பெத்தவ பேரு மறந்து போச்சாட்டம் இருக்கு, பாவம்.

— மழையில கூடையோட வழுக்கி விழுந்து கால ஒடச்சுக்கிட்டு வந்திருக்க. இப்பவாச்சும் வாய மூடிக்கிட்டு இடுப்பத் தூக்கு. மூத்திரச் சட்டிய வைக்கணும்.

— வையி, வையி. சனி ஞாயிறு ஆஸ்பத்திரியில வைத்தியம் படிக்கறேன்னு சொல்லிட்டு வந்தியே, இதுதானா அந்தப் படிப்பு? ஊரான் சட்டியத் தூக்கறது? அதுவும் சம்பளமில்லாம! தேயிலை மலையில நின்னிருந்தா அரைப்பேரு, அரைநாள் கூலியாச்சும் போட்டிருப்பான் கங்காணி.

— இத நல்லாச் செஞ்சாத்தான் மிஸ்ஸி என்னைய நர்ஸ் படிப்புக்குச் சிபாரிசு பண்ணுவாங்க. ஒருத்தியத்தான் சொல்லுவாங்களாம்.

— அதுக்குப் பேர மாத்துவானேன்? கொலதெய்வம் பேர வச்சேன், பேச்சியம்மான்னு. இங்க வந்து படுத்த பொறவுதான் கேக்கறேன், மனோரஞ்சிதமாம்! அட்டன் புடவைக்கடை சிவசாமி மகளாம்! அந்தாளு நம்மளக் கடைப்படி ஏற விடுவானாடி?

— நம்ம லயத்துச் சோலைமலை மக இங்க படிக்க வந்து கேட்டாளே, என்னாச்சு? லயத்துப் பொண்ணுன்னு தெரிஞ்சதும், கூட்டறதுக்கு ஆளிருக்கு போன்னு வாசலோட அனுப்பிட்டாங்க. ஒனக்கென்ன தெரியும்?

— ஒண்ணும் தெரியாதுதான். சிலோனுக்குச் சுதந்திரம் வந்த கையோட நம்ம தோட்டத்து ஆளுங்க பேரெல்லாம் ஓட்டு லிஸ்டுல இருந்து வெட்டிட்டான். என் மகளுக்குப் பாரு, ஒண்ணுக்கு ரெண்டு பேரு.

— சிரிக்காத. காலு வலிக்கும்.

— வலிச்சா ஒனக்கென்ன?

— மலையில எல்லாரும் என்னைய ஏ குட்டி, ஏ குட்டின்னுதானே கூப்பிடறாங்க. இங்க பிள்ளைன்னு கூப்பிடறாங்கம்மா.

— நான் சுமந்து பெத்தது, இவங்களுக்குப் பிள்ளை! ஆமா, அதென்னடி இடுப்புல, படங்கா?

— ரப்பர் சீலை. நோயாளியக் குளிப்பாட்டறப்ப துணி நனையாம இருக்கக் கட்டியிருக்கேன்.

— கொழுந்தெடுக்கப் போறவ படங்கு கட்டற மாதிரி கயித்தப் போட்டு இறுக்கியிருக்க. புடவைக்கடைக்காரன் மக இப்பிடித்தான் கட்டுவாளாக்கும். தூ!

— அம்மா, மிஸ்ஸி வர்றாங்க. ஒன் கால்ல விழறேன், தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத.

— நல்ல காலு இந்தப் பக்கம் இருக்கு. அதுல விழு.

— மனோரஞ்சிதம்! என்ன இஞ்சை பெரிய கதை?

— ஒண்ணுமில்ல மிஸ்ஸி. இந்தப் பொம்பள சட்டி வைக்க விடாம சத்தம் போடுறாங்க.

— உமக்கு இவவைத் தெரியுமோ?

— இல்ல மிஸ்ஸி.

— முகத்தை வடிவாப் பாத்திட்டுச் சொல்லும்.

— தெரியாது மிஸ்ஸி. யாரோ தோட்டத்து ஆளு.

— ஆமாங்க. நான் ஆரோ தோட்டத்து ஆளு.

— நீங்க பேசாமல் படுங்கோ. ஏன் பிள்ளை, என்னை விசரி எண்டு நினைச்சீரோ? புடவைக்கடைக்காரற்ற மகள் ரப்பர் சீலையை இப்பிடிக் கயிறு போட்டு வரிஞ்சு கட்டுவாளோ? நீர் வந்த முதல் நாளே கண்டனான். கை சுத்தம், அருவருப்பில்லை எண்டுதான் பேசாமல் விட்டனான். உம்மைத்தான் படிப்புக்குச் சொல்லுவம் எண்டும் இருந்தனான்.

— மிஸ்ஸி...

— ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே நாடி. பெத்த தாயைத் தெரியாதெண்டு சொல்லுறவள் நாளைக்கு நோயாளியளை என்னெண்டு பாப்பாள்? லயத்துப் புத்தி எண்டு சும்மாவோ சொல்லுறவை! அந்தச் சீலையை அவிட்டு வைச்சிட்டு வீட்டை போம்.

— மிஸ்ஸி, இந்த ஒரு தடவ மட்டும்...

— ஒண்டும் கதைக்க வேண்டாம். போம்.

— நில்லுங்கம்மா. லயத்துப் புத்தின்னீங்களே, அது நெசந்தாங்க. ஆனா அது அவ புத்தி இல்ல.

— பின்ன ஆற்ற புத்தி?

— இந்த மூதேவிக்குச் சொந்தமாப் பொய் சொல்லக்கூட வக்கு கெடையாதுங்க. பேர மாத்திக்க, ஆத்தா வந்து நின்னாலும் ஆருன்னே தெரியாதுன்னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்து அனுப்பினதே நாந்தாங்க.