அசல் நீலம்

மனித குலம் எட்டிய உச்சம் எது என்று கேட்டால், இறகு கட்டிய தூண்டில் முள் என்பேன். எங்கள் வீட்டில் மீன் வாசனையே ஆகாது. அது வேறு விஷயம்.

ஹபீப் பாய், அரபியில் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். நான் ‘ஃப்ளை’ என்றால் நீங்கள் ஈ என்கிறீர்கள். இந்த போலீஸ் ஆபீசர் சிரிக்கிறார். அது ஈ அல்ல. அந்தக் காலத்தில் சீமைப் பிரபுக்கள் சால்மன் மீனுக்கு வீசியது. முள்ளின்மேல் வண்ண இறகுகளை அடுக்கிப் பட்டு நூலால் கையாலேயே கட்டுவார்கள். அதே முறையில், அதே இறகுகளால் இன்றும் கட்டுகிறவர்கள் உலகத்தில் சிலர் இருக்கிறோம். புஜைராவில் நான் மட்டும்தான். எண்ணெய்க் கிடங்கில் மேனேஜராக இருப்பது வயிற்றுக்காக.

ஃப்ளை கட்டும் போட்டிக்கு நான் கட்டியதற்கு நீல மக்காவ் கிளியின் இறகு தேவைப்பட்டது. எதிர் ஃபிளாட் பாலமுரளி வீட்டில் அந்தக் கிளி இருந்தது. அவர் மகள் தன்யா ஸ்கூல் விட்டு வந்தால் அதனிடம்தான் பேசுவாள். மனிதர்களிடம் பேச்சு குறைவு. ஆகஸ்டில் லீவுக்கு ஊருக்குப் போகும்போது அவர் மனைவி ஷியாமளா சாவியை என்னிடம் கொடுத்தார்.

“அண்ணா, செடிக்கும் கிளிக்கும் தண்ணி மட்டும் வச்சிடுங்க.”

வைத்தேன். ஒரு நாளும் தவறவில்லை.

உயிரோடு இருக்கும்போதே பிடுங்கினால்தான் பளபளப்பு நிற்கும் என்று ஃப்ளை கட்டுகிறவர்களின் இணையக் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அப்படியே செய்தேன். வாட்ச்மேன் கார்மேகம் படியேறி வந்தான்.

“என்ன சார், கிளி இந்தக் கத்து கத்துது? வாயில்லா சீவன் சார்.”

“நீ உன் டூட்டியப் பாரு.”

வாய் இருந்ததுதான் பிரச்சினையே. தேவையான இறகு கிடைத்த பிறகும் அது கத்துவதை நிறுத்தவில்லை. ஏசியை அணைத்துவிட்டு வந்தேன். மற்றதை வெயில் பார்த்துக்கொண்டது.

திரும்பி வந்த அன்று தன்யா கூண்டின் முன்னாலேயே நின்றாள். “ஹூ டிட் திஸ், அங்கிள்?” என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. வாட்ச்மேனிடமும் ஒரு சாவி உண்டு என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பாலமுரளி புகார் கொடுத்ததும் கார்மேகத்தை லாக்கப்பில் வைத்தீர்கள். அவனை வேலைக்கு எடுத்த கஃபீல் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பத் தயாராகிவிட்டார். “நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க சார்” என்று ஆள் விட்டுச் சொன்னான். எனக்குப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

இன்று நானாக வந்தது அவனுக்காக என்று எழுதிவிடாதீர்கள். நடுவர்கள் என் ஃப்ளையை நனைத்துப் பார்த்து, சாயம் போகிறது, இது நீலம் பூசிய கோழி இறகு என்று என்னை விலக்கிவிட்டார்கள். கோழி இறகாம். அந்தக் கிளியிடமிருந்து, அது உயிரோடிருந்தபோது, சிவசங்கரனாகிய நான் என் கையால் பிடுங்கியது என்று முத்திரை வைத்து ஒரு சான்று வேண்டும். கார்மேகத்தை விட்டுவிடலாம். அவனுக்கு இறகைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சாயம் எப்படிப் போனது என்று கேட்கிறாரா? சொல்லுங்கள். பழைய ஃப்ளையின் மாதிரிப் படத்தில் இருந்த அளவு நீலம் கிளியிடம் இல்லை. ஸ்கெட்ச் பேனாவால் நான்தான் கொஞ்சம் தீட்டியிருந்தேன்.