ஊதாத சங்கு

ஆயுத பூஜைக்குப் பொரி வாங்குவதானால் தாம்பரம் மார்க்கெட்டில்தான் வாங்குவேன், சார். நமுத்துப்போகாது.

எங்கள் சோடா கம்பெனி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். பாட்டிலில் அடைக்கும் வாயு பள்ளமான ஓர் அறையில் இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, ஆனால் மூச்சை அடைத்து ஆளைக் கொன்றுவிடும். கசிந்தால் கம்ப்யூட்டர் அபாயச் சங்கை ஊதும். அந்தக் கம்ப்யூட்டரை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்று நாலு ஆடியில் முதலாளி பட்டாபிராமன் என்னை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டு, என் நாற்காலியைக் குப்புராஜுக்குக் கொடுத்தார். குப்புராஜ் நல்ல பையன். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது படிக்கிற ஃபைலில் ஒரு வரி உண்டு. இது சோதனையா, நிஜமா என்று புரோகிராமுக்குச் சொல்கிற வரி. சோதனை என்றால் திரையில் எழுத்து மட்டும் வரும், சங்கு ஊதாது. கிளம்புகிற அன்று அதைச் சோதனை என்று மாற்றினேன். உடனே ஒன்றும் ஆகாது. அந்தக் கம்ப்யூட்டரை வருஷம் முழுக்க அணைக்கமாட்டோம், ஆயுத பூஜைக்கு மட்டும்தான்.

பூஜையன்று, கூட்டிப் பெருக்கும் எல்லம்மா குங்குமத்தோடு கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னா சார், இதுக்கும் பொட்டு வெக்கணுமா?"

"வெய்யிக்கா. அதான் இங்க மொதலாளி," என்றான் குப்புராஜ்.

"அப்ப இனிமே லீவு இதுகிட்டயே கேட்டுக்கிறேன்."

எல்லோரும் சிரித்தோம். அவளுக்கு ஒரு கை பொரி கொடுத்தேன்.

அணைத்த கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்ததும் சங்கை ஒருமுறை ஊதிப் பார்ப்பது என் வழக்கம். குப்புராஜுக்கு அதைச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பூஜைக்கு நிறுத்திய சோடா மெஷின் ஓட ஆரம்பித்ததும் வாயு அறையில் வால்வு கசியும், எப்போதும் கசியும். சங்கு நிற்கும்வரை யாரும் உள்ளே போகமாட்டார்கள். மறுநாள் சங்கு ஊதவில்லை. வால்வுக்குப் போட்டிருந்த வாடிய மாலையைக் கழற்ற எல்லம்மா அந்த அறைக்குள் இறங்கினாள்; உயிரோடு ஏறி வரவில்லை. ஸ்டோர் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அது இப்போது என் வேலை இல்லை.

ஏன் ஊதவில்லை என்று கண்டுபிடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஒயர், ஹாரன் எல்லாவற்றையும் நிதானமாகச் சோதித்துவிட்டு, கடைசியில் அந்த வரியைத் திறந்து காட்டினேன்.

"யோவ், இதுல கை வெச்சியா?" என்று குப்புராஜைக் கேட்டார் முதலாளி.

"அந்த ஃபைலே எனக்குத் தெரியாது சார். அண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணா," என்று குப்புராஜ் என்னைப் பார்த்தான்.

நான் பேசாமல் இருந்தேன். பொய் சொல்லவில்லை.

ஜாமீனில் வந்த குப்புராஜ் வீட்டிலேயே தூக்குப் போட்டுக்கொண்டான். இனி இதைச் சொல்லி யாருக்கும் பிரயோஜனமில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

இன்னொன்று, சார். அந்த வரியைச் சரியாக மாற்றி, சங்கை மறுபடி ஊத வைத்தவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.