கணக்கில் வராத நான்கு நிமிடம்

என் கையெழுத்து அழகாக இருக்கும். புதிதாக வரும் அதிகாரிகள்கூடப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, அச்சடித்த மாதிரி இருக்கிறதே என்பார்கள். இருபத்தாறு வருடமாக மின்தடை விவரம் எழுதுகிறேன். எந்தக் கருவி நின்றது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், ஏன். அதைக் கூட்டிப் பார்த்துத்தான் எதை நம்பலாம், எதை மாற்றலாம் என்று மேலிடம் முடிவு செய்யும்.

மறுவிசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்கு விதி தெரிந்திருக்கும், ஐயா. ஐந்து நிமிடத்துக்குள் மின்சாரம் திரும்பிவிட்டால் அது தடையே இல்லை, எழுத வேண்டாம். ஒரே கருவி வருடத்தில் ஆறு முறைக்கு மேல் நின்றால் மாற்றிவிடுவார்கள்.

துணைமின் நிலையத்திலிருந்து எனக்குப் போன் செய்பவரைக் கொட்டாவி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பேச்சுக்கு நடுவே ஒன்று விடாமல் இருக்கமாட்டார். லைனைத் துண்டித்துக்கொண்டு மூன்றாம் பிரேக்கர் விழும்போதெல்லாம், "அக்கா, உங்க செல்லப்பிள்ளை மறுபடி படுத்துட்டான். ஏழு நிமிஷம், எழுதிக்கோங்க" என்பார்.

நான் நான்கு என்று வைத்துக்கொள்வேன். நான்கென்றால் எழுத வேண்டியதில்லை.

காரணம் இருக்கிறது. புதிய பிரேக்கர் வந்தால் கூடவே ஒரு பெட்டியும் வரும். நின்ற நேரத்தை அதுவே குறித்து அதுவே அனுப்பிவிடும். பக்கத்துப் பிரிவில் அது வந்த மறுமாதமே, என்னைப் போல எழுதிக்கொண்டிருந்தவரைக் கிடங்குக்கு அனுப்பினார்கள், போல்ட்டு எண்ண. இந்த ஜன்னலோர மேஜையை விட்டு நான் ஏன் போக வேண்டும்? அந்த வருடம் மூன்றாம் பிரேக்கர் பதினொரு முறை விழுந்தது. என் பதிவேட்டில் இரண்டு. அவையும் அதிகாரி நேரில் பார்த்தவை.

கடைசியாக விழுந்தது காலை பத்தரைக்கு. அன்று அவர் கொட்டாவி விடவில்லை.

"அக்கா, உள்ள சீறுற சத்தம் கேக்குது. எண்ணெய் வாடையும் அடிக்குது. லைனை நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடவா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

"அதுக்கு அரை நாள் ஆகும் தம்பி. இன்னும் நேரம் இருக்கு. போட்டுவிடு, பாத்துக்கலாம்."

"நீங்க சொன்னா சரி."

போனை வைக்காமலேதான் போனார். பிரேக்கர் வெடித்த சத்தம் எனக்கும் கேட்டது.

வருடத்தில் இரண்டே முறை நின்ற பிரேக்கர் சும்மா வெடிக்காது, இயக்கியவர் தவறு என்று முதல் விசாரணையில் முடித்தார்கள். பதிவேட்டுப் பிரதியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் இறந்து ஒரு மாதம் கழித்து அவர் மனைவி வந்தாள், சமையலறைக் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு. தேதிகளுக்குக் கீழே அவர் பென்சிலில் குறித்த நிமிடங்கள்: ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. ஆறு தாண்டிவிட்டது, இனி மாற்றிவிடுவார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"நீங்க எழுதலியா அக்கா?"

தூக்கக் கலக்கத்தில் குறித்திருப்பார், அவர் சுபாவம்தான் தெரியுமே என்றேன். பிறகு காலண்டரைச் சுருட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், போடச் சொன்னது நான்தான். வெடித்த பிறகு வந்த ஆறு மணி நேரத் தடையை, இயக்கியவர் தவறு என்ற காரணத்தோடு எழுதியிருக்கிறேன், பாருங்கள். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அதற்கு முன், அவர் போய்ப் போட்டுவிடும்வரை ஆன நான்கு நிமிடம் மட்டும் அதில் இருக்காது. ஐந்துக்குக் குறைந்ததை எழுதக்கூடாது, ஐயா. விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.