அடித்தல் திருத்தல்

— அப்பா, எனக்குக் கோபம் இல்ல. உக்காருங்க. பேனாவை எடுங்க.

— செருப்பைக் கழட்டறதுக்குள்ளயேவா? என்ன கண்ணு, யார் பேருக்குச் சொத்து எழுதணும்?

— மாற்றுத்திறனாளி உதவி மையத்துலேருந்து பதில் வந்திருக்கு.

— வந்துடுச்சா! நான் சொல்லல? உன்னைப் பத்தி நான் எழுதின நாலு பக்கத்தைப் படிச்சிட்டு மேஜை நனையற அளவுக்கு அழுதிருப்பாங்க. ரெண்டு கையிலயும் மாவுக்கட்டு போட்டிருந்தவருக்கே தையல் மிஷின் வித்தவன் நான். சத்தியமா!

— 'தனியாக வேலை செய்யும் நிலையில் இல்லை. பகல்நேரப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாம்.' இதோட நகலும் நீங்க எழுதினதும் லேபுக்கும் போயிருக்கு.

— லேபுக்கா? உன் லேபுக்கா?

— நான் ரத்தக் குழாய்க்கு லேபிள் ஒட்டற லேபுக்கு. 'உங்க அப்பா எழுதினது உண்மைன்னா திங்கட்கிழமையிலேருந்து வர வேண்டாம்'னு மேனேஜர் சொல்லிட்டார்.

— ஐயையோ.

— மையத்துக்கிட்ட நான் கேட்டது மூணு. சத்தம் இல்லாத ஓரத்துல ஒரு சீட். வேலையை வாயால சொல்லாம எழுதிக் கொடுக்கணும். வாரத்துக்கு ஒரு தடவை பேச ஒரு ஆள். மூணுதான்.

— மூணு கேட்டா ஒண்ணுகூட வராது கண்ணு. இந்த இருபத்து மூணு வயசுலதான் ஆட்டிசம்னு டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வச்சிக்கிட்டு நூறு வாசல் ஏறி இறங்கின. 'பார்த்தா நல்லாத்தானே இருக்கே'ன்னு அனுப்பிச்சாங்களா இல்லையா? அதான் கொஞ்சம் உப்பு தூக்கலாப் போட்டேன்.

— அஞ்சு வாசல். நூறு இல்ல. காலையில மையத்துக்கு நேர்ல போனேன். நீங்க எழுதினதோட நகலைக் கொடுத்தாங்க. நீங்களே பொய்யை எல்லாம் அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போட்டு, இன்னிக்கே கொடுத்தா மறுபடி பார்க்கறேன்னாங்க. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. இப்ப மூணு பத்து. படிக்கறேன். 'மணி அடித்தால் பீரோ மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.'

— காதைப் பொத்திக்கிட்டு ரூமுக்குள்ள போவ இல்ல? அதையே கொஞ்சம் உயரத்துல ஏத்தி வச்சேன்.

— அடிங்க.

— அடிச்சாச்சு.

— 'ஷூ மாட்டிவிட இரண்டு ஆள் வேண்டும்.'

— ஒரு ஆள்னு திருத்தட்டுமா?

— அப்பா.

— அடிச்சாச்சு, அடிச்சாச்சு!

— 'ஒன்பது நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.' ரெண்டு மணி நேரம். நீங்க என்னைக் கேக்காம என் கட்டிலை இடம் மாத்தின அன்னிக்கு.

— பதினொண்ணுன்னுதான் எழுதியிருந்தேன். நம்ப மாட்டாங்கன்னு ரெண்டு நாள் தள்ளுபடி பண்ணேன், சத்தியமா! சிரியேன்.

— அப்பா, அந்த ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து நாலு பக்கத்தையும் படிச்சேன். இதுல ஒரு பொண்ணு இருக்கா. அவ யாருன்னு எனக்குத் தெரியல. கீழ அவளோட அப்பான்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.

— முதல்ல வெறும் உண்மையைத்தான் எழுத உக்காந்தேன் கண்ணு. அரைப் பக்கம்கூட வரல. ஒரே வீட்டுல இருபத்து மூணு வருஷம் இருக்கோம். 'அமைதியான பொண்ணு, நேரத்துக்கு வேலைக்குப் போவா'ன்னு எழுதினேன். அதுக்கு மேல பேனா நகரல. மிச்சம் மூணரைப் பக்கம் காலியாக் கிடந்துச்சு. காலியாக் கொடுத்தா இந்த ஆளுக்குப் பொண்ணைப் பத்தி ஒண்ணுமே தெரியலன்னு நினைப்பாங்களே. அதான் நிரப்பினேன்.

— சரி. மத்ததெல்லாம் அடிச்சாச்சு. மூணு இருபத்தஞ்சு ஆச்சு. கடைசி ஒண்ணுதான் பாக்கி. 'யாரிடம் பேசுவதானாலும் பேச வேண்டியதை முன்கூட்டியே நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொள்வாள். பெற்ற அப்பனிடம் பேசுவதற்குக்கூட.'

— ஹாஹா, இருக்கறதுலயே பெரிய புளுகு அதுதான்! எழுதறப்போ எனக்கே சிரிப்பு தாங்கல. எங்கிட்ட என்னமா வெடுக் வெடுக்குன்னு பேசற, உன்னைப் போய்... கொடு, இதையும் அடிச்சுட்டுக் கிளம்பலாம். ஆட்டோ நான் பிடிக்கறேன்.

— அதை அடிக்க வேண்டாம்.

— ஏம்மா? அதுதான் பொய்யிலயே பொய்.

— இந்த நோட்டைப் பிடிங்க. இன்னிக்குத் தேதி போட்டிருக்கேன் பாருங்க. முதல் வரியைப் படிங்க.

— இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன்... 'அப்பா, எனக்குக் கோபம் இல்ல. உக்காருங்க. பேனாவை எடுங்க.'