ஐம்பது மீட்டர் உயரத்தில் ஓர் அவசரம்

— மறுபடியும் எறங்கப்போறியா? காலையிலேருந்து இது மூணாவது தடவை, மாப்ள.

— வாக்கி டாக்கியில கத்தாதீங்க மாமா. கொக்கி காலியாத்தான் தொங்குது. கிரேனை நிறுத்திட்டு ஒரு எட்டு எறங்கி ஏறிடுறேன்.

— ஐம்பது மீட்டர் ஏணி உனக்கு ஒரு எட்டா? கீழ நாங்க கம்பியை அடுக்கி வெச்சுட்டு அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்கிச்சு. ஒண்ணுக்குப் போக மேலயே கேன் ஒண்ணு வெச்சிருப்பியே?

— இருக்கு. அதை எடுக்கிறதுக்குள்ள... விடுங்களேன்.

— எடுக்கிறதுக்குள்ள என்ன?

— பேன்ட் மாத்தணும். போதுமா?

— அட! எத்தனை நாளா இப்படி?

— மூணு வாரமா. வருதுன்னு தோணும், அதுக்குள்ள வந்தே தொலைச்சுடும். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

— நர்ஸா வேலை பாக்குறவகிட்ட சொல்லாம?

— அதனாலதான் பயம். என்னையும் பேஷன்ட் மாதிரி நிக்க வெச்சுக் கேப்பா.

— அப்போ நான் கேக்குறேன். உங்க அக்காவோட இருபது வருஷம் குடித்தனம் நடத்தி நானும் பாதி நர்ஸ் ஆயிட்டேன். எரிச்சல் இருக்கா?

— இல்லை.

— ரத்தம்?

— ஐயோ, இல்லை.

— காய்ச்சல்? முதுகு வலி? கால் மரத்துப்போறது?

— கால் மரத்தா இந்த ஏணியில ஏறுவேனா மாமா?

— தாகம்?

— அதான் தாங்கலை. முன்னாடி ஒரு பாட்டில் குடிப்பேன், இப்ப நாலு. இன்னைக்கு ஒரு சொட்டு தொடலையே! குடிச்சாத்தானே வரும்?

— அடப்பாவி! இந்த வெயில்ல கண்ணாடிக் கூண்டுக்குள்ள தண்ணியில்லாமயா? பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருந்தியே, அதுவும் இந்த மூணு வாரத்துலதானா?

— ரெண்டு ஓட்டை.

— சர்க்கரையா இருக்குமோன்னு எனக்குத் தோணுது. என்னன்னு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். இன்னைக்கே போகணும்.

— போனா சீட்டு எழுதுவாங்க. எஞ்சினியரம்மா அதைப் பார்த்ததும் என்னை எறக்கிடுவாங்க. பதினோரு வருஷமா இந்தக் கூண்டுக்கு நான்தான் ராஜா. கேட்டுல உக்காந்து வண்டி நம்பர் எழுதச் சொன்னா நான் செத்தேன்.

— சரி, காலையில அந்தக் கம்பிக்கட்டை ஒரு குலுக்கு குலுக்கி எறக்கினியே, அது ஏன்?

— ...லேசா தலை சுத்துச்சு.

— எனக்கு நேரா மேலயா?

— தரையைத் தொடுறப்போதான் மாமா. சாமி சத்தியமா.

— ஒரு நிமிஷம் முந்திச் சுத்தியிருந்தா உங்க அக்கா என்ன ஆயிருப்பா?

— அதை நினைச்சாலே எனக்கு பயமா இருக்கு மாமா.

— அழாதடா. மெதுவா எறங்கு. முடியலைன்னா அங்கயே உக்காரு, நான் ஏறி வரேன். எஞ்சினியரம்மாகிட்ட வயித்துவலின்னு சொல்லிக்கிறேன். விஷயம் நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்.

— எஞ்சினியர் பேசுறேன். நீங்க ரெண்டு பேரும் பொதுச் சேனல்ல பேசிட்டிருக்கீங்க. இங்க அத்தனை வாக்கி டாக்கியிலயும் கேக்குது.

— ஐயோ, மேடம்...

— வெல்டர் முதற்கொண்டு யாரும் சிரிக்கலை. டாக்டர் சரின்னு சொல்ற அன்னைக்கு அந்தக் கூண்டு உங்களுக்குத்தான், அதுவரைக்கும் அதைப் பூட்டி வைக்கிறேன். எறங்கி வாங்க, வண்டி எடுத்துட்டேன், மூணு பேருமா போவோம். ரெண்டாவது பிள்ளை பொறந்ததுலேருந்து எனக்கும் அடக்க முடியாம இதே கதைதான்.