சேனைக் கிண்ணம் வாங்கிய கைகளுக்கு

பெரியகுளம் பெண்கள் மருத்துவமனையில் இருபது ஆண்டு பணிபுரிந்து, 1946 சித்திரையில் ஓய்வு பெறும் மூத்த தாதியார் கஸ்தூரியம்மாள் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் கனத்து வாசித்தளிக்கும் மடல்.

வலியறிந்து வருடிய கரத்தீரே! வாடிய மனங்களின் வழித்துணையே!

கருப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு வெளியே படர்ந்து, கட்டியாகி, மாதந்தோறும் பெண்ணை முறுக்கிப் பிழியும் நோய் தங்கள் இளமையையும் விட்டுவைக்கவில்லை. மதுரையில் அறுவை முடிந்தது, வலி ஓய்ந்தது, பிள்ளை மட்டும் வரவில்லை. கணவர் வேறொருத்திக்கு மாலையிட்டார். தாங்கள் தாதியர் படிப்புக்குப் போனீர்கள்.

அதே நோயோடு வந்தவர் வருசநாட்டு ராஜாத்தி. "கத்தி பட்ட வயித்துல பிள்ளை தங்குமா ஆத்தா?" என்று அவர் அழுதபோது, பொய் சொல்லித் தேற்றத் தங்களுக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தங்கல. ஒனக்குத் தங்கலாம். தங்குனவுகளையும் பாத்திருக்கேன். டாக்டரம்மா கட்டிய மட்டுந்தான் எடுக்கிறாக" என்றீர்கள். அந்தச் சொல்லை நம்பியே அவர் அறுவை மேசை ஏறினார். மறு ஆண்டு பெண் பிள்ளை பெற்றார்.

பிறந்த பிள்ளையின் நாவில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைப்பவரின் குணமே பிள்ளைக்கு வரும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பிள்ளை பெறாதவர் அந்தச் சேனையைத் தொடலாகாது என்பதும் வழக்கம். அதனால், யாரும் சொல்லுமுன்பே வெந்நீர் எடுக்கப் போவதுபோல் வாசலுக்கு நகர்ந்துவிடுவீர்கள். வெந்நீரோ உள்ளேயே ஆறிக்கொண்டிருக்கும். எத்தனை பிரசவமோ, அத்தனை முறை! நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது அம்மா.

ராஜாத்தி பெற்ற அன்றும் அவர் மாமியார் சந்தனம்மாள் சேனைக் கிண்ணத்தோடு வந்தார். தாங்கள் நகர்ந்தீர்கள்.

"எங்கன போறீக? இங்கன வாங்க" என்று ராஜாத்தி படுக்கையிலிருந்தே கூப்பிட்டார். "அத்தை, கிண்ணத்த அவுககிட்டக் குடுங்க. எம் மகளுக்கு அவுக குணம் வந்தாப் போதும்."

சந்தனம்மாள் பிள்ளையைப் பார்த்தார், தங்களைப் பார்த்தார். பிறகு கொடுத்தார். தாங்கள் வாங்கும்போதே பாதி புடவையில் சிந்தியது. மீதி பிள்ளைக்குப் போதுமானதாக இருந்தது.

பொங்கலென்றும் தீபாவளியென்றும் எங்களை வீட்டுக்கு விரட்டிவிட்டு, "எனக்கு யாரு காத்திருக்கா?" என்று வார்டில் தனித்திருந்த தியாகச் செல்வமே! நாளை கம்பம் ஊரில் தாங்கள் திறக்கும் வீட்டிலும் எவருமில்லை என்று எண்ணும்போது, எப்படி வாழ்த்துவதென்று தெரியவில்லை. ஆயினும் வாழ்த்துகிறோம்: நோயண்டாது, நெடுங்காலம், நிறைவாக வாழ்வீராக!

ராஜாத்தியின் மகளுக்கு இப்போது எட்டு வயது. ஊர் வழக்கத்துக்குக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று சந்தனம்மாள் எங்களிடம் வந்து குறைப்படுகிறார்.

இந்தக் கோடை விடுமுறைக்குக் கம்பத்துக்கு வந்து தங்களோடு தங்குவதாக அவள் சொல்லியிருக்கிறாள்.

இங்ஙனம்,
தங்கள் இடத்தை நிரப்ப ஆளின்றி நிற்கும்
மருத்துவமனைப் பணியாளர்கள்