கொயோட்டிக்கு எந்தக் குண்டு

மார்லிஸ்: அப்போ அந்த 17-ங்கற சின்னக் குண்டு வேண்டாங்கறீங்க.

ஹார்லன்: வேண்டவே வேண்டாம். வேகமாத்தான் போகும், ஆனா கனமே கிடையாது. நம்ம மான்டானா காத்துல பாதி வழியிலேயே தள்ளிட்டுப் போயிடும். தோள்ல பட்டா மேலாக்க சிதறி நின்னுடும். அடிபட்டது ஓடிடும்...

மார்லிஸ்: ஓடக் கூடாது.

ஹார்லன்: ம்?

மார்லிஸ்: அடிபட்டுட்டு ஓடக் கூடாது. சுட்ட எடத்துலயே விழணும். மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் சரி.

ஹார்லன்: சரிதான்... முப்பத்தோரு வருஷமா பக்கத்துப் பண்ணையில இருக்கே. துப்பாக்கியத் தொட்டு நான் பாத்ததில்ல. உன் புருஷன் சுடறப்பகூட காதைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிடுவே.

மார்லிஸ்: கர்ட்டிஸ் இருந்தாரு, காதைப் பொத்திக்கிட்டேன். அவரு போய்ச் சேந்து நாலு வருஷமாச்சு. இனி நான் காதைப் பொத்தினா யாரு சுடறது?

ஹார்லன்: கோவிச்சுக்காதே. காபி ஊத்தட்டுமா?

மார்லிஸ்: உங்க காபியா? ரோடு போடலாம் அதுல. ஊத்துங்க, பரவால்ல.

ஹார்லன்: சர்க்கரை அந்த டப்பாவுல... ஆங், அதுதான். கொயோட்டிக்கு ஆட்டுக்குட்டிங்க எத்தனை போச்சு இதுவரைக்கும்?

மார்லிஸ்: ஒம்பது. நேத்து விடியக்காலை ரெண்டு. ஒண்ணுக்குப் பொறந்து ஈரம்கூடக் காயல.

ஹார்லன்: அடப்பாவமே.

மார்லிஸ்: பன்னெண்டு நாள்ல ஒம்பது. சொல்லுங்க, 17 வேண்டாம், அடுத்து?

ஹார்லன்: 223 வாங்கிக்க. உனக்கு அதுதான் சரி. தோள்ல இடிக்காது, குண்டும் விலை கம்மி, எந்தக் கடையிலயும் கிடைக்கும். முன்னூறு கஜம் வரைக்கும் கவலையே இல்ல. கொயோட்டின்னா என்ன பெருசா? நரிக்கு மேல, ஓநாய்க்குக் கீழ. அவ்வளவு ரோமத்தையும் எடுத்துட்டா முப்பது பவுண்டு தேறாது.

மார்லிஸ்: உடனே விழுமா?

ஹார்லன்: நெஞ்சுல பட்டா விழும்.

மார்லிஸ்: நெஞ்சுல படலேன்னா?

ஹார்லன்: எதுல சுட்டாலும் நெஞ்சுல படலேன்னா படலதான், மார்லிஸ். சரி... இன்னும் வேகம் வேணும்னா 22-250 இருக்கு. குண்டு நேர்கோடு போட்ட மாதிரி போகும். ஆனா சத்தம் காதைக் கிழிச்சிடும், குழாயும் சீக்கிரம் தேஞ்சுடும்.

மார்லிஸ்: 243?

ஹார்லன்: அது எதுக்கு உனக்கு?

மார்லிஸ்: கேக்கறேன்.

ஹார்லன்: அது மானுக்கு. கொயோட்டிக்கு அது ஜாஸ்தி.

மார்லிஸ்: என்ன ஹார்லன் இது! இருபது வருஷமா நீங்கதானே சொல்லிட்டு இருந்தீங்க, கொயோட்டிக்கு 243-தான், மத்ததெல்லாம் பொம்மைன்னு? சர்ச்சுல பாதிரியாரு பேசறப்ப பின்னாடி உக்காந்து கர்ட்டிஸ் காதுல அதைத்தானே ஓதுவீங்க?

ஹார்லன்: அப்ப சொன்னேன். காத்துக்கு அசையாது, அது நெஜம்தான். ஆனா உள்ள போய் நிக்காது. அந்தப் பக்கம் வெளிய வந்துடும்.

மார்லிஸ்: உள்ள போன எடம் எவ்வளவு இருக்கும்?

ஹார்லன்: பென்சில் அளவு.

மார்லிஸ்: வெளிய வந்த எடம்?

ஹார்லன்: முஷ்டி நுழையும்... ரோமமெல்லாம் வீணாயிடும், தோலை எவனும் வாங்க மாட்டான். அதனாலதான் சொல்றேன்...

மார்லிஸ்: முஷ்டி நுழையல. மூணு விரல்தான்.

ஹார்லன்: என்ன?

மார்லிஸ்: ஒண்ணுமில்ல. மேல சொல்லுங்க.

ஹார்லன்: ...என்ன சொல்லிட்டிருந்தேன்?

மார்லிஸ்: உங்க 243-ஐக் காட்டுங்க. தூக்கிப் பாக்கறேன், கனம் தாங்குதான்னு.

ஹார்லன்: அது இல்ல. வித்துட்டேன்.

மார்லிஸ்: வித்துட்டீங்களா?! கல்யாண மோதிரத்தைத் தொலைச்சப்ப வயிறு நிறையச் சாப்பிட்ட மனுஷன், அந்தத் துப்பாக்கியில ஒரு கீறல் விழுந்ததுக்கு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தீங்க. அதை வித்தீங்களா?

ஹார்லன்: வயசாச்சு. தோள் வலி.

மார்லிஸ்: பச்சைக் குழந்தைகூடச் சுடலாம்னு சொல்வீங்களே.

ஹார்லன்: விடேன் மார்லிஸ். ஒரு துப்பாக்கிக்கு இத்தனை கேள்வியா... ஓலே ஏதாவது... வந்தானா?

மார்லிஸ்: என் நாயா? காலையில நீங்க பாக்கலியா, எங்க வீட்டைத் தாண்டித்தானே போனீங்க?

ஹார்லன்: பாத்தேன். பாக்கல. அவனைப் பாக்கல.

மார்லிஸ்: நீங்கதானே சொன்னீங்க, ஏதாவது பொட்டை பின்னாடி போயிருப்பான், வந்துடுவான்னு.

ஹார்லன்: சொன்னேன்.

மார்லிஸ்: அவன் இருந்தவரைக்கும் அஞ்சு வருஷத்துல ஒரு குட்டி போனதில்ல. நூத்திப்பத்து பவுண்டு வெள்ளை நாய். கொயோட்டி ஊளை கேட்டாலே எழுந்து நின்னுடுவான். குட்டி எது கத்தினாலும் சோத்தை விட்டுட்டு ஓடுவான்... பொட்டை பின்னாடி போற நாயா அவன்?

ஹார்லன்: காபி ஆறுது.

மார்லிஸ்: வெள்ளிக்கிழமை லாரி வருது, ஹார்லன்.

ஹார்லன்: என்ன லாரி?

மார்லிஸ்: ஆடு ஏத்த. பில்லிங்ஸ்லருந்து. இருநூத்தி நாப்பது ஆடும். வயித்துல இருக்கற குட்டியோட எடுத்துக்கறேன்னு சொல்லிட்டான்.

ஹார்லன்: பைத்தியமா உனக்கு? கர்ட்டிஸோட தாத்தா காலத்து மந்தை! அப்புறம் அந்த மண்ணுல நீ என்ன பண்ணுவே?

மார்லிஸ்: மண்ணையும்தான் கேக்கறான் ஒருத்தன்.

ஹார்லன்: அவசரப்படாதே. நான் வந்து மேட்டுல உக்காந்துக்கறேன். ஒரு வாரத்துல நாலு கொயோட்டிய விழுத்திடறேன். துப்பாக்கியும் நானே வாங்கித் தரேன், உனக்கு ஒரு காசு வேண்டாம். குட்டி நாய்கூட ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், அதே ஜாதி...

மார்லிஸ்: ஓலே வந்துட்டா ரெண்டு நாய் ஆயிடுமே.

ஹார்லன்: வர மாட்டான்.

மார்லிஸ்: ஏன்?

ஹார்லன்: லாரிய வேண்டாம்னு சொல்லிடு, மார்லிஸ். அதுக்கப்புறம் என்னை என்ன வேணா பண்ணு.

மார்லிஸ்: ஏன் வர மாட்டான்?

ஹார்லன்: நான்தான் சுட்டேன்.

மார்லிஸ்: எங்க?

ஹார்லன்: காட்டன்வுட் ஓடைக்கிட்ட. விடிஞ்சும் விடியாம. பனிமூட்டம். உன் ஆடுங்க குட்டி போடற நேரமாச்சேன்னுதான் போனேன், சத்தியமா. ஊதல் ஊதிக் கொயோட்டிய வரவழைக்கலாம்னு... எப்பவும் அடிபட்ட முயல் கத்தற ஊதல்தான் ஊதுவேன். ஆனா அதுங்க அதுக்குப் பழகிடுச்சு, வரதே இல்ல. அன்னிக்கு...

மார்லிஸ்: அன்னிக்கு?

ஹார்லன்: வேற ஊதல் எடுத்தேன். ஆட்டுக்குட்டி கத்தற ஊதல்.

மார்லிஸ்: கடவுளே.

ஹார்லன்: மேட்டு மேல ஏதோ வேகமா வந்துச்சு. நேரா என்னைப் பாத்து. நான் நிழலைத்தான் பாத்தேன். சுட்டதுக்கு அப்புறம்தான் வெள்ளைன்னு தெரிஞ்சுது. அவன் கத்தக்கூட இல்ல, மார்லிஸ். விழுந்து எழுந்து, சுத்திச் சுத்திப் பாத்தான். குட்டி எங்கேன்னு தேடினான். என் வாயில ஊதல் இருக்கு, அவன் குட்டியத் தேடறான்... அப்புறம் மூட்டத்துக்குள்ள போயிட்டான்.

மார்லிஸ்: நீங்க பின்னாடி போனீங்களா?

ஹார்லன்: வேலி வரைக்கும் ரத்தம் இருந்துச்சு. அப்புறம் பனி விழுந்து மூடிடுச்சு. தினமும் தேடறேன். பள்ளம் பள்ளமா. அந்த 243-ஐ விக்கல, சாக்குல சுத்திக் கொட்டகையில போட்டு வெச்சிருக்கேன். தொட முடியல. தினம் உன் வீட்டைத் தாண்டிப் போறப்ப, படிக்கட்டுல அவன் கிண்ணத்துல தீனி வெச்சிருக்கே... அதைப் பாக்கறப்ப ஒவ்வொரு நாளும் வண்டிய நிறுத்திடலாம்னு நினைப்பேன். கால் அழுத்திடும். போயிடுவேன்.

மார்லிஸ்: நீங்க பாக்கணும்னுதான் வெச்சேன்.

ஹார்லன்: ...என்ன சொல்றே?

மார்லிஸ்: அந்த ஓடைப் பக்கம் விடியக்காலையில போறது நீங்க ஒருத்தர்தான். பன்னெண்டு நாளா நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். இன்னிக்கும் சொல்லலேன்னா லாரி வரட்டும்னுதான் கிளம்பி வந்தேன். கொயோட்டி பக்கத்துல இருந்தாக்கூடப் பிழைச்சுடலாம். நீங்க மறைச்சுக்கிட்டே என் முன்னாடி காபி ஊத்தினா, நான் எப்படி அங்க ஒத்தையா இருக்கறது?

ஹார்லன்: மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் இல்ல.

மார்லிஸ்: கேக்காதீங்க. இப்போதைக்கு என்னால முடியாது. லாரிக்காரனுக்கு நான் போன் பண்ணிடறேன். குட்டி போடறது முடியற வரைக்கும் விடியக்காலையில அவன் நின்ன எடத்துல நீங்க நிக்கணும். மழையோ பனியோ.

ஹார்லன்: நிக்கறேன். நாளைக்கே நிக்கறேன். அவன் கிடக்கற எடத்தையும் எப்படியாவது...

மார்லிஸ்: தேட வேண்டாம்.

ஹார்லன்: சரி... ஆனா நானே நிக்கறேன்னா உனக்கு எதுக்கு மார்லிஸ் துப்பாக்கி? முப்பத்தோரு வருஷமா தொடாதவ...

மார்லிஸ்: தொட்டேன், ஹார்லன். அவன் அன்னிக்கே வீட்டுக்கு வந்துட்டான். மூணு காலால ரெண்டு மைல் நடந்து, குட்டிங்க இருக்கற கொட்டகை வாசல்ல வந்து படுத்தான். மாட்டு டாக்டர் அறுபது மைல் தள்ளி, ரோடு பூரா பனி. வீட்டுல இருந்தது கர்ட்டிஸ் தரையணில் சுடற சின்ன 22 ஒண்ணுதான். எங்க வெச்சுச் சுடணும்னு எனக்குத் தெரியல. மூணு தடவ சுட்டேன். ரெண்டாவது குண்டுக்கு அப்புறமும் என்னைப் பாத்து வாலை ஆட்டினான்.